வாசிக்கப்படாத காசுகள்: ஒரு நாணயக் கண்காட்சியை முன்வைத்து

இஸ்லாமிய அரசியல் மரபில் ஆட்சியுரிமைக்கு இரண்டு வெளிப்படையான அடையாளங்கள் கருதப்பட்டன. ஒன்று, வெள்ளிக்கிழமை குத்பாவில் ஆட்சியாளரின் பெயர் ஓதப்படுவது. மற்றொன்று, சிக்கா எனப்படும் நாணய முத்திரையில் அவர் பெயர் பொறிக்கப்படுவது. குத்பாவில் ஒலித்த பெயர்கள் அன்றைய காற்றோடு கலந்துவிட்டன. சிக்காவில் பதிந்த பெயர்களோ மண்ணுக்குள் கிடந்தும், கடலுக்குள் மூழ்கியும், பெட்டகங்களில் உறங்கியும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் சிக்காவைப் பற்றித் தனியே எழுதினார். அல்-பலாதுரீ தம் வெற்றிகளின் வரலாற்று நூலின் இறுதிப் பகுதியில் நாணயங்களுக்கு இடம் ஒதுக்கினார். அல்-மக்ரீஸீ நாணயங்களைப் பற்றியே தனிநூல் யாத்தார். நாணயத்தை வாசிப்பது நம் முன்னோரின் அறிவுத்துறைகளில் ஒன்றாக இருந்தது என்பதற்கு இந்த மூன்று பெயர்களே போதும்.

இந்த நினைவோடுதான் அண்மையில் சென்னையில் ஒரு மண்டபத்தில் நடைபெற்ற நாணயக் கண்காட்சிக்குச் சென்றோம். உலக நாணயங்களில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவர்கள் என்ற முறையில் அங்குக் கண்டவற்றை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பிட்ட ஓர் அமைப்பையோ வணிகரையோ குறைகூறுவது நம் நோக்கமன்று. எந்த ஊரின் கண்காட்சிக்குச் சென்றாலும் இதே காட்சியை ஏறத்தாழக் காணலாம் என்பதால், இதை ஒரு பண்பாட்டு நிறுவனமாகக் கொண்டே பேசுகிறோம்.

கண்காட்சியின் நற்பேறு

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவது நேர்மை. அருங்காட்சியகத்தில் நாணயம் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் ஒரு முகத்தை மட்டுமே நாம் காண முடியும். கண்காட்சியில் அதைக் கையில் எடுக்கலாம், திருப்பலாம், உருப்பெருக்கியில் வைத்து விளிம்பெழுத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தொடரலாம், வணிகரின் மேசைமேல் உள்ள சிறு மின்தராசில் எடை பார்க்கலாம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதின் கடைத்தெருவில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்ற அப்பாஸிய திர்ஹம் ஒன்று, எவ்வித அனுமதிச் சீட்டும் இன்றி நம் உள்ளங்கையில் கிடக்கும் இடம் இதைத் தவிர வேறில்லை.

அறிவும் இங்கிருந்து பிறந்திருக்கிறது. இஸ்லாமிய நாணயங்களை வகைப்படுத்த இன்று உலகெங்கும் ஆய்வாளரும் சேகரிப்போரும் கைக்கொள்ளும் பட்டியலைத் தொகுத்த ஸ்டீஃபன் ஆல்பம் ஒரு நாணய வணிகர். பல்லாயிரம் காசுகள் கைகளில் புரண்டதனாலேயே அவரால் அத்தகைய பட்டியலைத் தர முடிந்தது. ஆகவே வணிகம் அறிவுக்குப் பகை என்று நாம் கருதவில்லை. வாசிப்பைக் கைவிட்ட வணிகமே பகை.

மக்கா மதீனா காசும் 786 நோட்டும்

அரங்கினுள் நுழைந்து நான்கைந்து மேசைகளைக் கடப்பதற்குள், தொப்பியும் தாடியும் கண்ட ஒரு வணிகர் நம்மை அழைத்தார்: “பாய், மக்கா மதீனா காசு வந்திருக்கு, பாருங்க. ரொம்பப் பழசு.” அவர் நீட்டியது கஃபாவின் உருவமும் மஸ்ஜிதுன் நபவியின் குவிமாடமும் பொறித்த ஒரு பித்தளை வில்லை. அதில் அச்சகத்தின் பெயர் இல்லை, ஆட்சியாளர் பெயர் இல்லை, மதிப்பு இல்லை. எந்த அரசும் வெளியிடாத, எந்தச் சந்தையிலும் செல்லாத ஒரு நினைவுப்பொருளை நாணயம் என்று விற்கிறார்கள். அவர் பொய் சொல்வதாகவும் நமக்குத் தோன்றவில்லை. அவரிடம் விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவரிடம் வாங்குவோரும் அப்படியே நம்பிச் செல்கிறார்கள்.

அடுத்த மேசையில் 786 என்று முடியும் வரிசை எண் கொண்ட பணத்தாள்கள் தனி உறைகளில் அடுக்கப்பட்டிருந்தன. நூறு ரூபாய்த் தாளுக்குப் பல மடங்கு விலை. வாங்க நின்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் மதிப்புகளைக் கூட்டினால் 786 வரும் என்பது உண்மையே. ஆனால் ஓர் அச்சு இயந்திரம் வரிசைக் கிரமத்தில் தானாகத் தட்டிய எண்ணுக்கும் பிஸ்மில்லாஹ்வுக்கும் என்ன உறவு? 785-க்கும் 787-க்கும் நடுவில் அது வந்தே தீரும். அந்த மேசைக்கு எதிரே, உண்மையிலேயே ‘பிஸ்மில்லாஹ்’ என்று எழுத்தால் பொறித்த உமையா கால திர்ஹம் ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. எண்ணைத் தேடி வந்தவர்கள் எழுத்தைக் கடந்து போனார்கள். அன்று நாம் கண்டவற்றுள் நம்மை மிகவும் வருத்தியது இதுவே.

‘உலகம்’ எங்கே தொடங்குகிறது?

உலக நாணயச் சேகரிப்பாளர் என்ற சொல்லையே சற்று ஆராய வேண்டியிருக்கிறது. இத்துறையினர் அனைவரும் கைக்கொள்ளும் கிராஸ் பதிப்பகத்தின் பெரும் பட்டியல் நூல்கள் நூற்றாண்டு வாரியாக அமைந்தவை. முதல் தொகுதி 1601-இல் தொடங்குகிறது. அதாவது, சேகரிப்போர் பேச்சில் ‘உலக நாணயம்’ என்பதன் உலகம் பதினேழாம் நூற்றாண்டில் பிறக்கிறது. இஸ்லாமிய நாணய வரலாற்றின் முதல் ஆயிரம் ஆண்டுகள் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. கண்காட்சியின் மேசைகளும் இந்த அட்டவணையைத்தான் பின்பற்றுகின்றன. எண் உள்ள காசுக்கு உறையும் சீட்டும் உண்டு. எண் இல்லாதது ‘அரபிக் காசு’ என்ற பொதுக் குவியலில் விழுகிறது.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. பட்டியல்கள் இன்றைய தேசங்களின் எல்லைப்படி அடுக்கப்படுகின்றன. உஸ்மானிய சுல்தானின் பெயரால் கெய்ரோவில் அடித்த காசு எகிப்தின் கீழும், துனிஸில் அடித்தது துனிசியாவின் கீழும் வரும். இரண்டும் ஒரே சுல்தானின் பெயரைத் தாங்கியிருந்தும், அவை ஒரு குடும்பத்தினவென்று சேகரிப்பாளரின் தொகுப்பேட்டில் தோன்றுவதே இல்லை. எல்லைக்கோடுகள் வரையப்படுவதற்கு முன் புழங்கிய பணத்தை எல்லைக்கோடுகளால் பங்கிட்டு வைக்கிறோம்.

பணம் எல்லை மதிக்காது என்பதற்குக் கண்காட்சியின் மலிவான மேசைகளே சான்று. ‘எது எடுத்தாலும் ஒரே விலை’ என்று குவித்திருந்த பெட்டியில், தல்லா எனும் காஃபிக் குடுவை பொறித்த அமீரகத் திர்ஹமும், பாய்க்கப்பல் பொறித்த குவைத் ஃபில்ஸும், சவூதியின் ஹலலாவும், மலேசிய சென்னும் கலந்து கிடந்தன. இவை நம் ஊர்களிலிருந்து பிழைக்கச் சென்றவர்களின் சட்டைப்பைகளில் வந்திறங்கியவை. 1950-களில் குவைத், பஹ்ரைன், கத்தர் முதலிய இடங்களில் இந்திய ரூபாயே செலாவணியாக இருந்தது. 1959-இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி நோட்டுகளையும், ஹஜ் பயணிகளுக்கென ‘எச்.ஏ.’ என்ற முன்னெழுத்துக் கொண்ட பத்து, நூறு ரூபாய் நோட்டுகளையும் வெளியிட்டது. அத்தகைய ஹஜ் நோட்டு ஒன்று தடித்த உறைக்குள், எட்டாத விலையில் தொங்கியது. கப்பலேறிய ஒரு ஹாஜியின் இடுப்புப்பட்டையில் இருந்திருக்க வேண்டிய தாள் அது. அதன் கீழிருந்த சீட்டில் ‘அரிது’ என்ற ஒரு சொல்லே இருந்தது.

சீட்டும் காசும்

சீட்டுகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சியின் அறிவுத்தரம் அதன் சீட்டுகளில்தான் வெளிப்படுகிறது.

திப்பு சுல்தானின் செப்புக்காசு ஒன்றுக்கு ‘யானைக் காசு, 1803’ என்று சீட்டு எழுதப்பட்டிருந்தது. திப்பு ஷஹீதானது 1799 மே 4-இல். இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து அவர் எப்படிக் காசு அடித்தார்? காசில் இருந்த ஆண்டு 1218. அதை ஹிஜ்ரியாகக் கொண்டு கணக்கிட்டால் 1803 வரும். ஆனால் அது ஹிஜ்ரி அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பை அடிப்படையாகக் கொண்டது எனப்படும் மவ்லூதி ஆண்டு. திப்பு அதைத் தம் காசுகளில் 1215 முதல் பயன்படுத்தினார். எண்களை வலமிருந்து இடமாகவும் எழுதச் செய்தார். அவ்வகையில் 1218 என்பது 1790-91 ஆகும். ஆண்டுகளுக்கு எழுத்தெண் முறையில் பெயர் சூட்டிய மன்னர் அவர். எழுத்தெண் கணக்கை நோட்டின் வரிசை எண்ணில் தேடுவோர், அதை ஓர் அரசாட்சியின் கால அளவையாக ஆக்கிய மன்னரின் காசைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அவர் தம் காசுகளுக்கு இட்ட பெயர்களும் அறியத்தக்கவை. பொற்காசுகளுக்கு அஹ்மதீ, சித்தீக்கீ, ஃபாரூக்கீ. வெள்ளி ரூபாய்க்கு இமாமீ. அதன் பகுதிகளுக்கு ஆபிதீ, பாக்கிரீ, ஜஅஃபரீ, காளிமீ என அஹ்லுல் பைத் இமாம்களின் பெயர்கள். செப்புக்காசுகளுக்கு ஸுஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்பு என விண்மீன்களின், கோள்களின் பெயர்கள். ஓர் அரசின் சமய உணர்வும் வானியல் நாட்டமும் ஒரே பணமுறைக்குள் அடங்கியிருப்பதை வேறெங்கு எளிதில் காண முடியும்? சென்னை அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய ஹெண்டர்சன் 1921-இலேயே ஹைதர், திப்பு நாணயங்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் சீட்டு ‘யானைக் காசு’ என்ற அளவிலேயே நிற்கிறது.

இன்னொரு சீட்டு, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் காசுகள் ஐந்தை வரிசையாக வைத்து அனைத்துக்கும் ‘1876’ என்றது. அவற்றில் 1293 என்ற ஆண்டு இருந்தது உண்மை. ஆனால் உஸ்மானிய மரபில் காசின் மேலுள்ள ஆண்டு பட்டமேற்ற ஆண்டு; அது ஆட்சி முழுவதும் மாறாது. எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது தனியே சிறிய எண்ணாக வரும். ஐந்தில் ஒன்றில் 28 என்று தெளிவாக இருந்தது. அப்படியானால் அது ஹிஜ்ரி 1320, அதாவது 1902-03. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே சீட்டில் விழுங்கப்பட்டுவிட்டன.

1808-ஆம் ஆண்டின் கிழக்கிந்தியக் கம்பெனிச் செப்புக்காசுகளோ கூடை கூடையாக இருந்தன. பர்மிங்ஹாமில் அடித்துச் சென்னைக்கு அனுப்பப்பட்டவை. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து பிற்காலத்தில் மீட்கப்பட்டவையும் அவற்றில் அடங்கும். அவற்றின் ஒரு முகத்தில் பாரசீகத்தில் ஒரு வாக்கியம் உண்டு: இருபது காசு நான்கு ஃபலூஸுக்குச் சமம் என்பது அதன் பொருள். நம் தமிழ்ச் சொல்லான ‘காசு’ அங்கே பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்றும், ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்றும் நிற்கிறது. தமிழும் பாரசீகமும் ஆங்கிலமும் கைகுலுக்கும் இந்தச் செப்புத் துண்டைத் தமிழ் முஸ்லிம் அறிஞர் எவரும் வாசிக்காவிட்டால் வேறு யார் வாசிப்பார்?

எழுத்தும் அதன் இன்மையும்

கலிமா பொறித்த முகலாய ரூபாய்க்கு ஒரு விலை, பொறிக்காததற்கு வேறொரு விலை என்ற வழக்கத்தையும் அங்குக் கண்டோம். ஷாஜஹானின் காசை எடுத்துக்காட்டி, “இதுல கலிமா இருக்கு பாய், அவுரங்கசீப் காசுல இருக்காது” என்றார் ஒருவர். செய்தி சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவே பிழை. அவுரங்கசீப் ஆட்சிக்கு வந்ததும் காசிலிருந்து கலிமாவை நீக்கியது, அது தூய்மையற்ற கைகளிலும் காலடியிலும் பட்டு இழிவுறக் கூடாது என்பதற்காக. அவருக்கு முன் அக்பர் தம் இலாஹீ காசுகளில் கலிமாவை நீக்கியதோ முற்றிலும் வேறான எண்ணத்தால். ஒரே இன்மைக்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள். காசை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காசோடு காலத்தையும் சேர்த்து வாசித்தால்தான் ஒன்று பேணுதல் என்றும் மற்றொன்று புதுமை என்றும் விளங்கும்.

இந்தத் தயக்கம் அவுரங்கசீப்போடு தொடங்கியதும் அன்று. ஹஜ்ஜாஜின் காலத்தில் இறைவசனம் பொறித்த திர்ஹம்கள் வெளிவந்தபோது, குளிப்புக் கடமையானோரும் அவற்றைத் தொடுவார்களே என்று மார்க்க அறிஞர் சிலர் வெறுத்ததாகவும், அதனால் அவற்றுக்கு ‘மக்ரூஹா’ என்ற பெயர் ஏற்பட்டதாகவும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஆயினும் எழுத்தே வென்றது. கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஆட்சியின் தொடக்கத்தில் முஸ்லிம்களின் கைகளில் புழங்கியவை பைசாந்தியப் பொன்னும் சாசானிய வெள்ளியும். அவ்வெள்ளியில் குஸ்ரூவின் தலையுருவம் அப்படியே இருக்க, விளிம்பில் மட்டும் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்க்கப்பட்டது. பொன்னில் சிலுவையின் குறுக்குச் சட்டம் நீக்கப்பட்டு வெறும் தூண் நின்றது. சில ஆண்டுகள் வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவமும் வந்து போயிற்று. ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) உருவங்கள் யாவும் மறைந்தன. புதிய தீனாரில் எழுத்து மட்டுமே இருந்தது: தவ்ஹீதின் சாட்சியம், தவ்பா அத்தியாயத்தின் 33-ஆம் வசனப் பகுதி, இக்லாஸ் அத்தியாயத்தின் பகுதி, அடித்த ஆண்டு. இரண்டு ஆண்டுகளில் திர்ஹமும் இவ்வாறே மாறியது. கலீஃபாவின் பெயர் எங்கும் இல்லை. பரந்த நிலப்பரப்பில் ஆணை செலுத்திக்கொண்டிருந்த ஒரு பேரரசு, தன் பொற்காசில் தன் ஆட்சியாளரின் முகத்தையும் பெயரையும் விட்டுவிட்டு இறைவனின் ஒருமையை மட்டும் எழுதியது. இஸ்லாமிய நாகரிகம் தன்னைத்தானே எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான ஆவணம் வேறு இல்லை என்றே கருதுகிறோம்.

எடையும் ஸகாத்தும்

எழுத்தைப் போலவே எடையும் ஒரு வாசகம். அப்துல் மலிக்கின் தீனார் ஏறத்தாழ 4.25 கிராம். பத்து திர்ஹம் ஏழு மித்காலுக்குச் சமம் என்ற ஷரீஅத் விகிதப்படி திர்ஹம் 2.975 கிராம். இருபது தீனாருக்கு 85 கிராம் பொன். இருநூறு திர்ஹமுக்கு 595 கிராம் வெள்ளி. இன்று ஸகாத்தின் நிஸாபாகப் பலர் கூறும் அளவு இதுவே. அல்லாமா யூசுஃப் அல்-கர்ளாவீ தம் ஃபிக்ஹுஸ் ஸகாத் நூலில் இந்த முடிவுக்கு வருவதற்கு, அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் பழைய தீனார்களை நிறுத்துப் பார்த்த ஆய்வுகளே துணைநின்றன. நம் துணைக்கண்டத்தின் ஹனஃபீ அறிஞர்கள் தோலாக் கணக்கில் வகுத்த 87.48 கிராம் பொன், 612.36 கிராம் வெள்ளி என்ற அளவும் வழக்கில் உண்டு. எது ஏற்புடையது என்ற ஆய்வு அறிஞர்களுக்குரியது. நாம் சொல்ல வருவது வேறு. ஒரு முஸ்லிம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் கடமையின் எல்லையை வகுக்கும் இந்த உரையாடலில், ஒரு பழங்காசின் எடை சாட்சியாக நிற்கிறது.

இந்தக் கண்கொண்டு பார்க்கும்போது கண்காட்சியின் புதிய மோகம் ஒன்று கவலை தருகிறது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கப்படி, தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் இட்டு, தடித்த நெகிழிப் பேழைக்குள் நிரந்தரமாக அடைத்துவிடுகின்றன. போலிகள் மலிந்த சந்தையில் இதற்கு ஒரு பயன் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆனால் பேழைக்குள் போன தீனாரை இனி எவரும் நிறுக்க முடியாது. அதன் ஓரத்தைத் தடவிப் பார்க்க முடியாது. மதிப்பெண் அதன் பளபளப்புக்கு. அதிலுள்ள வாசகத்துக்கு மதிப்பெண் இல்லை. புழங்கித் தேய்ந்த காசு குறைந்த மதிப்பெண் பெறுகிறது. தேய்மானமோ அக்காசு மக்கள் நடுவே வாழ்ந்ததன் அடையாளம்.

வாசித்தவர்களும் வாசிக்காதவர்களும்

வாசிக்காமல் வைத்துக்கொள்வது புதிய நோயன்று. எட்டாம் நூற்றாண்டின் மெர்சிய மன்னன் ஓஃபா, ஹிஜ்ரி 157 (கி.பி. 774) என்று ஆண்டிட்ட அப்பாஸிய தீனாரை ஒற்றி ஒரு பொற்காசு அடித்தான். அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கலிமாவின் நடுவே ‘ஓஃபா மன்னன்’ என்ற லத்தீன் சொற்கள், அரபு எழுத்தை நோக்கத் தலைகீழாக நிற்கின்றன. கம்மியனுக்கு அது எழுத்தென்றே தெரிந்திருக்காது. மதிப்புமிக்க பொன்னின் கோலம் என்றே எண்ணியிருப்பான். நம் கண்காட்சியிலும் பல காசுகள் உறைக்குள் தலைகீழாகவே செருகப்பட்டிருந்தன. அவனுக்காவது அறியாமைக்கு ஒரு நியாயம் இருந்தது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1999-இல் சுவீடனின் கோட்லாந்துத் தீவில், ஸ்பில்லிங்ஸ் என்னுமிடத்தில் 67 கிலோ வெள்ளிப் புதையல் கிடைத்தது. அதில் ஏறத்தாழ 14,000 நாணயங்கள். பெரும்பாலும் இஸ்லாமிய திர்ஹம்கள். அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து வந்தவர்கள், நபி (ஸல்) அவர்களின் பெயர் வரவேண்டிய இடத்தில் மூஸா இறைத்தூதர் என்ற பொருளில் எழுதப்பட்ட ஒரு காசைக் கண்டார்கள். யூத சமயத்தைத் தழுவிய கஸர் அரசின் 837-38-ஆம் ஆண்டு வெளியீடு அது என்பது ஆய்வாளர் முடிவு. பதினான்காயிரத்தையும் எடைபோட்டு உருக்கியிருந்தால், அல்லது ‘அரபிக் காசு’ என்று கூடையில் கொட்டியிருந்தால், அந்த ஒரு சொல் நமக்குக் கிடைத்திருக்காது.

நம் மண்ணின் சான்று இன்னும் அருகில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட மஅபர் சுல்தான்களைப் பற்றி நேரில் கண்டு எழுதியவர் இப்னு பதூதா. முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை மணந்தவர் அவர். அவர் சென்ற பிறகு எழுத்துச் சான்றுகள் அருகிவிடுகின்றன. பிற்கால சுல்தான்களின் வரிசையை வகுக்க நமக்குப் பெரிதும் துணைநிற்பவை அவர்களுடைய சிறு செம்புக் காசுகளும் கலப்பு வெள்ளிக் காசுகளுமே. குமார கம்பணரின் வெற்றியோடு 1371 வாக்கில் அந்த ஆட்சி முடிந்ததாக நூல்கள் பலவும் கூறும். ஆனால் கடைசி சுல்தான் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் பெயரால் அதற்குப் பின்னும், 1377-78 வரை, காசுகள் கிடைக்கின்றன. வெற்றியைப் பாடிய காவியம் ஒரு பக்கம் நிற்கிறது. கட்டைவிரல் நகத்தளவுச் செம்பு மறுபக்கம் நிற்கிறது. இரண்டையும் வைத்தே வரலாறு எழுதப்பட வேண்டும். அத்தகைய மஅபர் காசுகள் ஏழெட்டு, அன்று ‘டெல்லி சுல்தான், சில்லறை’ என்ற சீட்டோடு கிடந்தன.

உரிமையும் பொறுப்பும்

ஒரு கேள்வியை எந்த மேசையிலும் எவரும் கேட்கக் காணவில்லை: இது எங்கிருந்து வந்தது? 1990-களின் உள்நாட்டுப் போரில் காபூல் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு சூறையாடப்பட்டது. 2003-இல் பக்தாத் அருங்காட்சியகம் கொள்ளையிடப்பட்டது. அவ்வாறு சிதறியவை எங்கேனும் விற்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். நம் நாட்டிலும் நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவது. மண்ணில் கிடைத்த புதையலுக்கு 1878-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. விலையைக் குறித்து அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், வந்த வழியைக் குறித்து ஒரு சொல்லும் கேட்பதில்லை. 2011-இல் லண்டன் ஏலத்தில், ஹிஜாஸில் உள்ள அமீருல் முஃமினீனின் சுரங்கம் என்று பொறித்த ஹிஜ்ரி 105-ஆம் ஆண்டுத் தீனார் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அத்தகைய விலைகள் அறிவுத் தாகத்தை வளர்ப்பதைவிட மண்வெட்டிகளைக் கூர்தீட்டுவதே மிகுதி.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் எத்தனை நுட்பமாக நின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதையல் கிடைத்தால் அதிலுள்ள காசை முதலில் பார்க்கச் சொல்கின்றன. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தின் அடையாளம் அதில் இருந்தால் அது ரிகாஸ்; ஐந்தில் ஒரு பங்கு கடமை. கலிமா போன்ற இஸ்லாமிய அடையாளம் இருந்தால் அது முஸ்லிம் ஒருவர் இழந்த பொருள். லுகத்தா எனும் கண்டெடுத்த பொருளுக்குரிய சட்டம் அதற்குப் பொருந்தும். அதாவது, காசை வாசிக்கத் தெரியாதவரால் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தவே முடியாது. எழுத்தை வாசிப்பது பொருளின் உரிமையாளரை மதிப்பதன் முதல் படி என்று அந்த அறிஞர்கள் கண்டார்கள்.

செய்யத்தக்கது

ஆகவே கண்காட்சிகளைப் புறக்கணியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. செல்லுங்கள், ஆனால் வாசிக்கச் செல்லுங்கள். கூஃபி எழுத்தில் புள்ளிகள் இல்லை என்பது தொடக்கத்தில் மருட்டும். காசுகளில் வரும் வாசகங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை என்பதால், ஓரிரு வாரப் பயிற்சியில் ஓர் உமையா திர்ஹமின் ஊரையும் ஆண்டையும் கண்டுகொள்ள முடியும். நம் அரபிக் கல்லூரிகளில் வரலாற்றுப் பாடத்தோடு பத்துக் காசுகளின் நிழற்படங்களை வைத்து ஒரு பாடம் நடத்துவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம். கண்காட்சி நடத்துவோரும், அரபு, பாரசீகம் அறிந்த ஒருவரை ஒரு மேசையில் அமர்த்தி, வருவோர் தம் காசுகளை இலவசமாக வாசித்தறிய வழி செய்யலாம். ஜமாஅத்துகளும் இதற்கு ஆள் தரலாம்.

இது நடவாத கனவன்று என்பதற்கு அன்றே ஒரு சிறு சான்று கிடைத்தது. மலிவுப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு காசைத் தூக்கித் தன் தந்தையிடம் காட்டினான். அப்துல் ஹமீதின் பெயரால் எகிப்தில் அடித்த காசு அது. மக்தபில் குர்ஆன் ஓதும் பிள்ளை போலும், விரலை வைத்து எழுத்துக்கூட்டி, “மிஸ்ர்... வாப்பா, இது குர்ஆன்ல வருதே!” என்றான். தந்தை வியந்தார், வணிகரும் எட்டிப் பார்த்தார். அந்தக் காசு எங்கே அடிக்கப்பட்டது என்பது அப்போதுதான் அம்மூவருக்கும் தெரியவந்தது.

உறையின்மேல் இருந்த சீட்டில் ‘துருக்கி’ என்று எழுதியிருந்தது. வணிகர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு ‘எகிப்து’ என்று திருத்தினார்.